அனாடமியை எங்கிருந்து தொடங்குவது? முதல் வருட மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நர்சிங், பிசியோதெரபி, எம்.பி.பி.எஸ்., லேப் டெக்னீஷியன் என எதில் சேர்ந்தாலும் முதல் வாரமே அனாடமி, அதாவது உடற்கூறியல், வந்து எதிரில் உட்கார்ந்துகொள்ளும். ஆசிரியர் போர்டில் 'ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்டு' என்று ஒரே மூச்சில் எழுதிவிட்டு அடுத்த தசைக்குப் போய்விடுவார். தமிழ் மீடியத்திலிருந்து வந்தவர்கள் பாதி எழுத்திலேயே நின்றுவிடுவோம். நானும் அப்படி நின்றவன்தான். இரண்டு மாதம் பெயர்களை மந்திரம் மாதிரி உருப்போட்டேன். முதல் இன்டர்னல் தேர்வில் நுரையீரல் படம் வந்தது. மூன்று மடல்களையும் சரியாகக் குறித்துவிட்டு, தலைப்பில் 'இடது நுரையீரல்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்று மடல் இருப்பது வலப்பக்கத்தில். இடப்பக்கத்தில் இரண்டுதான்.

அந்தத் தேர்வுக்கு அப்புறம்தான் ஒன்று புரிந்தது. அனாடமியில் பெயர் என்பது பெரும்பாலும் முகவரி. அந்த உறுப்பு எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது, என்ன செய்கிறது என்பதில் ஏதோ ஒன்றைப் பெயரே சொல்லிவிடும். மேலே சொன்ன நீளமான தசையையே பாருங்கள். ஸ்டெர்னோ என்றால் மார்பெலும்பு, கிளைடோ என்றால் காறை எலும்பு, மாஸ்டாய்டு என்றால் காதுக்குப் பின்னால் கையில் தட்டுப்படும் எலும்புப் புடைப்பு. தசை முதல் இரண்டிலும் தொடங்கி மூன்றாவதில் போய் ஒட்டுகிறது. கண்ணாடி முன் நின்று முகத்தை இடப்பக்கம் திருப்புங்கள். கழுத்தின் வலப்பக்கத்தில் கயிறு மாதிரி புடைத்துக்கொண்டு நிற்கும். இனி அந்தப் பெயர் உங்களுக்கு மறக்குமா?

இந்த வழிகாட்டி முழுவதும் இதே வேலைதான். சொல்லை உடைப்பது, பிறகு விரலை உடம்பில் வைப்பது.

முதல் படி: நிற்கக் கற்றுக்கொள்ளுங்கள்

நேராக நில்லுங்கள். முகமும் கால்விரல்களும் முன்னே பார்க்கட்டும். கைகள் உடம்பை ஒட்டித் தொங்கட்டும், உள்ளங்கைகள் முன்பக்கம் திரும்பியிருக்கட்டும். இதற்குப் பெயர் அனாடமிகல் பொசிஷன், உடற்கூற்று நிலை. நோயாளி படுத்திருந்தாலும் குப்புறக் கிடந்தாலும், அவர் இப்படி நிற்பதாக வைத்துக்கொண்டுதான் எல்லா வர்ணனையும் எழுதப்படுகிறது.

உள்ளங்கை ஏன் முன்னே பார்க்க வேண்டும்? சும்மா நிற்கும்போது யாரும் அப்படி வைத்திருப்பதில்லையே. முன்கையில் ரேடியஸ், அல்னா என்று இரண்டு எலும்புகள் இருக்கின்றன. உள்ளங்கை முன்னே இருக்கும்போது அவை இணையாக நிற்கும். கையைக் கவிழ்த்தால் ரேடியஸ் அல்னாவின் மேல் குறுக்கே ஏறிவிடும். எலும்புகள் பின்னிக்கொண்டிருக்கும்போது 'உள்பக்கம்', 'வெளிப்பக்கம்' என்று எதைச் சொல்வது?

இன்னொன்று, வலது, இடது என்பது எப்போதும் அந்த உடம்புக்கு வலது, இடது. படத்தில் உங்கள் இடக்கைப் பக்கம் இருப்பது படத்தில் நிற்பவரின் வலப்பக்கம். நான் மார்க்கை விட்ட இடம் இதுதான். சிடி ஸ்கேன் பார்க்கும்போதும் இப்படித்தான். படுத்திருப்பவரின் கால்மாட்டில் நின்று பார்ப்பதாக அந்தப் படங்கள் அமைக்கப்படுவதால், கல்லீரல் உங்களுக்கு இடப்பக்கம் தெரியும்.

இரண்டாம் படி: திசைச் சொற்கள்

தலைப்பக்கம் சுப்பீரியர், பாதப்பக்கம் இன்ஃபீரியர். முன்பக்கம் ஆன்டீரியர், பின்பக்கம் போஸ்டீரியர். உடம்பை நடுவில் பிரிக்கும் கோட்டை நெருங்கினால் மீடியல், விலகினால் லேட்டரல். தோலை ஒட்டியிருந்தால் சூப்பர்ஃபிஷியல், ஆழத்தில் இருந்தால் டீப். கை, கால்களுக்கு மட்டும் தனியாக ஒரு ஜோடி உண்டு. உடம்போடு சேரும் இடத்துக்கு அருகே என்றால் ப்ராக்ஸிமல், தொலைவில் என்றால் டிஸ்டல்.

இவை எல்லாமே ஒப்பீட்டுச் சொற்கள். சேலத்துக்கு மதுரை தெற்கு, நாகர்கோவிலுக்கு அதே மதுரை வடக்கு. முழங்கையும் அப்படித்தான், தோளுக்கு டிஸ்டல், மணிக்கட்டுக்கு ப்ராக்ஸிமல். 'முழங்கை ப்ராக்ஸிமலா டிஸ்டலா' என்று யாராவது கேட்டால், 'எதற்கு?' என்று திருப்பிக் கேளுங்கள்.

புதிதாக வருபவர்களைக் கவிழ்க்கும் ஒரு கேள்வி உண்டு. கட்டைவிரல் மீடியலா, லேட்டரலா? கையைத் தொங்கவிட்டு, உள்ளங்கையை முன்னே திருப்பிப் பாருங்கள். கட்டைவிரல் வெளிப்பக்கம் போய்விட்டதல்லவா, அது லேட்டரல். காலில் பெருவிரல் உள்பக்கம், அதாவது மீடியல்.

மூன்றாம் படி: நம் தமிழைக் கொஞ்சம் கவனியுங்கள்

தமிழ் மாணவர்களுக்கென்றே சில குழிகள் இருக்கின்றன. ஆங்கிலப் புத்தகங்கள் இவற்றைச் சொல்லித் தராது.

நமக்குத் தோளிலிருந்து விரல் நுனி வரை எல்லாமே கை. அனாடமியில் 'ஆர்ம்' என்றால் தோளிலிருந்து முழங்கை வரை மட்டும்தான். அதற்குக் கீழே 'ஃபோர்ஆர்ம்', மணிக்கட்டுக்கு அப்பால் 'ஹேண்ட்'. இடுப்பிலிருந்து பாதம் வரை நாம் கால் என்கிறோம். ஆனால் 'லெக்' என்பது முழங்காலிலிருந்து கணுக்கால் வரைக்கும்தான், மேலே இருப்பது 'தை'. 'லெக்கில் எத்தனை எலும்பு?' என்று கேட்டால் தொடை எலும்பையும் சேர்த்து எண்ணிவிடுவோம். தமிழில் சொல் இல்லாமல் இல்லை. மேற்கை, முன்கை, தொடை, கணைக்கால், பாதம் என்று எல்லாம் இருக்கிறது. பேச்சில் வருவதில்லை, அவ்வளவுதான்.

வயிறு இன்னொரு குழி. 'வயிற்றுவலி' என்று வருபவர் சொல்வது விலாவுக்குக் கீழே, இடுப்புக்கு மேலே உள்ள மொத்தப் பகுதியையும். அது அப்டமன். உணவு போய் விழும் பை ஸ்டமக், தமிழில் இரைப்பை. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் குடல்வாலில் இருக்கும் கோளாறு இரைப்பைக்குப் போய்விடும்.

எல்லாவற்றிலும் பெரிய குழி நரம்பு. புறங்கையில் பச்சையாகத் தெரிவது நமக்கு நரம்பு. ஊசி போடுபவரும் 'நரம்பு கிடைக்கல' என்பார். அது உண்மையில் சிரை, வெயின். குதிகாலுக்கு மேலே முறுக்காகத் தட்டுப்படுவதையும் நரம்பு என்போம், அது தசைநாண், டெண்டன். மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் கிளம்பிச் செய்தி கொண்டுபோவதுதான் நெர்வ், பாடத்தில் வரும் நரம்பு. நோட்டில் எழுதும்போது இந்த மூன்றையும் கலக்காமல் இருந்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். வார்டுக்குப் போன பிறகு நோயாளி 'நரம்பு இழுக்குது' என்றால் எந்த நரம்பு என்று தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

கல்லீரல், மண்ணீரல், நுரையீரல் மூன்றிலும் ஈரல் இருப்பதால் மூன்றும் உறவு என்று நினைக்க வேண்டாம். முதலாவது செரிமானத்துக்கு, இரண்டாவது இரத்தத்துக்கும் நோய் எதிர்ப்புக்கும், மூன்றாவது மூச்சுக்கு.

நான்காம் படி: சொல்லை உடையுங்கள்

அனாடமி என்ற சொல்லே கிரேக்கத்தில் 'அறுத்துப் பிரிப்பது' என்பதிலிருந்து வந்தது. அறுத்துப் பார்த்தவர்கள் தங்களுக்குத் தெரிந்த பொருள்களின் பெயரையே உறுப்புகளுக்கு வைத்தார்கள். காறை எலும்பான கிளாவிகிள் என்றால் குட்டிச் சாவி. கணைக்காலின் பெரிய எலும்பான டிபியா என்றால் புல்லாங்குழல். அதன் பக்கத்திலேயே இருக்கும் மெல்லிய எலும்பான ஃபிபுலா என்றால் துணியில் குத்தும் ஊசி. இடுப்பில் தொடை எலும்பின் தலை உட்காரும் குழியான அசிடாபுலம், ரோமானியர்களின் காடிக் கிண்ணம். உள்காதில் இருக்கும் காக்லியா நத்தை. நடுக்காதில் உள்ள ஸ்டேப்பிஸ் குதிரையேறும்போது கால் வைக்கும் அங்கவடி. மணிக்கட்டின் எட்டுச் சிறு எலும்புகளில் ஸ்காஃபாய்டு படகு, லூனேட் பிறை, பிசிஃபார்ம் பட்டாணி, ஹேமேட் கொக்கி.

பட்டெல்லா என்றால் சின்னத் தட்டு. அதையே நாம் முழங்கால் சில்லு என்கிறோம். இரண்டு மொழிக்காரர்களுக்கும் முட்டியில் ஏறக்குறைய ஒரே பொருள்தான் தெரிந்திருக்கிறது. தசையில் மட்டும் வழி பிரிந்துவிட்டது. மஸில் என்பதன் லத்தீன் மூலச்சொல்லுக்குச் 'சுண்டெலி' என்று பொருள், தோலுக்கடியில் ஓடுகிற மாதிரி இருந்ததாம். நம்மவர்களுக்குக் கெண்டைக்காலில் கெண்டை மீன் தெரிந்திருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இனி தசைப் பெயர்கள். 'எக்ஸ்டென்சர் கார்பி ரேடியாலிஸ் லாங்கஸ்' என்பதைத் துண்டாக்குங்கள். எக்ஸ்டென்சர் நீட்டுவது, கார்பி மணிக்கட்டை, ரேடியாலிஸ் ரேடியஸ் எலும்பின் பக்கமாக, லாங்கஸ் நீளமானது. வேலை, இடம், பக்கம், அளவு நான்கும் வந்துவிட்டன. லாங்கஸ் என்று ஒன்று இருந்தால் பக்கத்திலேயே ப்ரெவிஸ், அதாவது குட்டையானது, இருக்கும் என்று ஊகிக்கலாம். மேஜர் இருந்தால் மைனர் இருக்கும். பைசெப்ஸ் என்றால் இரண்டு தலை, ட்ரைசெப்ஸ் மூன்று, குவாட்ரிசெப்ஸ் நான்கு.

ஒரே உறுப்புக்கு ஏன் இரண்டு வேர்ச்சொல் என்று ஒரு நாள் தலையைச் சொறிவீர்கள். சிறுநீரகத்துக்குப் போகும் தமனி ரீனல் ஆர்ட்டரி, ஆனால் சிறுநீரக அழற்சி நெஃப்ரைடிஸ். ரீனல் லத்தீனிலிருந்து வந்தது, நெஃப்ரோ கிரேக்கத்திலிருந்து வந்தது. நுரையீரலுக்கும் இப்படித்தான், பல்மனரி லத்தீன், நிமோனியா கிரேக்கம். பொதுவாக உறுப்பை வர்ணிக்கும்போது லத்தீனும், நோயையும் அறுவை சிகிச்சையையும் சொல்லும்போது கிரேக்கமும் வரும். விதிவிலக்குகள் உண்டு. ஆனாலும் பெரிய உதவி.

வால் பகுதிகளையும் பிடித்துக்கொள்ளுங்கள். '-ஐடிஸ்' அழற்சி, '-எக்டமி' வெட்டி எடுத்துவிடுவது, '-ஆட்டமி' வெட்டித் திறப்பது, '-ஆஸ்டமி' வெளியே ஒரு வாய் வைப்பது, '-ஸ்கோப்பி' உள்ளே பார்ப்பது. கோலன் என்ற பெருங்குடலோடு இவற்றை ஒவ்வொன்றாக ஒட்டிப் பாருங்கள். ஒரே வேரில் ஐந்து சொற்கள் கிடைத்துவிடும்.

இந்தப் பெயர்களுக்கு ஒழுங்கு வந்ததே பிந்தித்தான். 1543-இல் உடற்கூறியல் அறிஞர் வெசாலியஸ் தானே அறுத்துப் பார்த்து மனித உடலின் அமைப்பை நூலாக வெளியிட்ட பிறகு, ஐரோப்பாவில் ஆளாளுக்குப் பெயர் வைத்தார்கள். ஒரே உறுப்புக்குப் பல பெயர்கள் குவிந்து கிடந்தன. 1895-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் கூடித்தான் அவற்றைக் களையெடுத்து ஒரு பொதுப் பட்டியலை ஏற்றுக்கொண்டார்கள். இப்போது புழங்கும் உலகப் பட்டியல் 1998-இல் வெளிவந்ததை ஒட்டியது. ஆட்களின் பெயரை அது தவிர்க்கிறது. ஃபெலோப்பியன் ட்யூப் இப்போது யூட்டரைன் ட்யூப், அக்கிலிஸ் டெண்டன் இப்போது கல்கேனியல் டெண்டன். மருத்துவர்கள் என்னவோ பழைய பெயரை விடுவதாக இல்லை. ஆகவே இரண்டையும் படித்துத்தான் ஆக வேண்டும்.

தமிழில் இதெல்லாம் முடியாது என்று யாராவது சொன்னால் இலங்கையில், யாழ்ப்பாணப் பகுதியில் இருக்கும் மானிப்பாயை நினைத்துக்கொள்ளுங்கள். 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் அங்கே மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார், பாடநூல்களையும் தமிழாக்கினார். உடற்கூறியலுக்கு அப்போது அங்கே வழங்கிய பெயர் அங்காதிபாதம்.

ஐந்தாம் படி: அசைவுகளைச் செய்து படியுங்கள்

உட்கார்ந்து படித்தால் இது ஏறாது, எழுந்து நின்று செய்யுங்கள். மூட்டை மடக்குவது ஃப்ளெக்ஷன், நீட்டுவது எக்ஸ்டென்ஷன். நடுக்கோட்டை விட்டுக் கையை விலக்குவது அப்டக்ஷன், திரும்பச் சேர்ப்பது அடக்ஷன். இரண்டும் காதுக்கு ஒரே மாதிரி கேட்பதால், 'ஆள் கடத்தல்' என்பதற்கும் ஆங்கிலத்தில் அப்டக்ஷன்தான் என்று நினைவில் வைத்தால் போதும், தூக்கிக்கொண்டு போவது. கோவிலில் பிரசாதம் வாங்கக் கையை ஏந்துகிறோமே, அது சுபினேஷன். வாங்கிய கையைக் கவிழ்த்தால் ப்ரோனேஷன்.

விரல்களை விரிக்கும்போது கணக்கு உடம்பின் நடுக்கோட்டிலிருந்து இல்லை. கையில் நடுவிரலிலிருந்து, காலில் இரண்டாம் விரலிலிருந்து. தேர்வில் இதைக் கேட்பார்கள்.

வெட்டுத் தளங்களுக்கு ஒரு வெள்ளரிக்காயை நிற்க வைத்தால் போதும். இடம் வலமாகப் பிரிய வெட்டினால் சாஜிட்டல், முன் பின்னாகப் பிரிய வெட்டினால் கொரோனல், வில்லை வில்லையாக வெட்டினால் ட்ரான்ஸ்வெர்ஸ்.

ஆறாம் படி: எலும்பிலிருந்து ஆரம்பியுங்கள், மண்டையோட்டிலிருந்து வேண்டாம்

பெரியவர் உடம்பில் 206 எலும்புகள். பிறந்த குழந்தைக்கு இதைவிட அதிகம், வளர வளர ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். 206-ஐ இப்படிப் பிரியுங்கள்: நடு அச்சில் 80, கை கால்களில் 126. ஒரு பக்கக் கையில் தோள் எலும்புகளையும் சேர்த்து 32, ஒரு பக்கக் காலில் இடுப்பெலும்பையும் சேர்த்து 31. இரண்டையும் கூட்டி இரட்டித்தால் 126 வந்துவிடும்.

எலும்பு ஏன் முதலில் என்றால், மற்றவை எல்லாம் அதன் பெயரைக் கடன் வாங்குகின்றன. தொடையில் ஓடும் தமனி ஃபெமோரல், அதோடு போகும் சிரையும் ஃபெமோரல், நரம்பும் ஃபெமோரல். ரேடியஸ் தெரிந்தால் ரேடியல் ஆர்ட்டரி, ரேடியல் நெர்வ் எங்கே என்று தேட வேண்டியதில்லை. மண்டையோட்டில் துளைகளும் பிளவுகளும் அதிகம், முதல் மாதத்திலேயே அதற்குள் போனவர்கள் திரும்பி வருவது கஷ்டம். கையிலிருந்து தொடங்குங்கள், அது கண்ணெதிரே இருக்கிறது.

ஏழாம் படி: உங்கள் உடம்பே முதல் மாடல்

கழுத்தின் அடியில், நடுவில் ஒரு பள்ளம் இருக்கும். அங்கிருந்து விரலை மார்பெலும்பின் மேலாகக் கீழே நகர்த்துங்கள். ஏறக்குறைய 5 சென்டிமீட்டரில் குறுக்காக ஒரு மேடு தட்டும். இதற்கு ஸ்டெர்னல் ஆங்கிள் என்று பெயர். அதன் இரு பக்கமும் இருப்பது இரண்டாவது விலா. முதல் விலா காறை எலும்புக்கு அடியில் ஒளிந்திருப்பதால், விலாவை எண்ண எல்லோரும் தொடங்குவது இங்கிருந்துதான். ஈசிஜி எடுப்பவர் வி1, வி2 என்ற மார்பு மின்முனைகளை ஒட்டுவதற்கு நான்காவது விலா இடைவெளியைத் தேடுவதும் இந்த மேட்டிலிருந்துதான்.

அடுத்து, கட்டைவிரலை நன்றாக மேலே விறைத்து நீட்டுங்கள். அதன் அடியில், மணிக்கட்டில், இரண்டு கயிறுகளுக்கு நடுவே ஒரு குழி விழும். மூக்குப்பொடிக் குழி என்றே இதற்குப் பெயர். நம் ஊர்த் தாத்தாக்கள் இரு விரலால் சிட்டிகை எடுப்பார்கள், ஐரோப்பியர்கள் இந்தக் குழியில் கொட்டி உறிஞ்சியிருக்கிறார்கள். குழியின் அடியில் இருப்பது அந்தப் படகு எலும்பு, ஸ்காஃபாய்டு. பைக்கிலிருந்து விழும்போது கையை ஊன்றிய ஒருவருக்கு இந்தக் குழியில் அழுத்தினால் வலித்தால், முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாவிட்டாலும் எலும்பு முறிந்திருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும்.

முழங்கை எங்காவது இடித்துச் சுண்டுவிரல் வரை 'கரண்ட்' அடித்த அனுபவம் எல்லோருக்கும் இருக்கும். இடிபட்டது எலும்பு இல்லை, முழங்கையின் உள்புடைப்புக்குப் பின்னால் தோலை ஒட்டி ஓடும் அல்னார் நரம்பு. சுண்டுவிரலும் மோதிர விரலில் பாதியும் மட்டும் விறுவிறுக்கும், ஏனென்றால் அந்த நரம்பின் எல்லை அவ்வளவுதான். பிட்டத்தில் ஊசி போடும்போது மேல்-வெளிக் கால்பகுதியைத் தேர்ந்தெடுப்பதும் நரம்புக்குப் பயந்துதான். உள்பக்கம் சயாட்டிக் நரம்பு போகிறது.

எட்டாம் படி: ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை

அசைவம் சாப்பிடுபவர்களுக்கு மட்டும் இது. ஆட்டு இதயம் ஒன்றை வெட்டாமல் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் கீறிக் கொடுக்கத்தான் பார்ப்பார், முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். இரண்டு பக்கத்தையும் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருப்பது இடப்பக்கம், உடம்பு முழுக்க இரத்தத்தைத் தள்ளுவது அது. நுரையீரல் வரைக்கும் மட்டும் தள்ளும் வலப்பக்கம் தொளதொளவென்று இருக்கும். நீளவாக்கில் அறுத்தால் இந்த வித்தியாசம் சுவரின் தடிப்பிலேயே தெரியும். உள்ளே மெல்லிய வெள்ளை நூல்கள் வால்வின் ஓரத்திலிருந்து சுவரிலுள்ள குட்டித் தசைமேடுகளுக்கு ஓடும். குடைக்கம்பி மாதிரி வால்வு பின்பக்கம் மடங்காமல் பிடித்துக்கொள்பவை அவை, கார்டே டெண்டினே. ஒரு நூலை நகத்தால் இழுத்துப் பாருங்கள், அவ்வளவு சுலபமாக அறுகாது. மேலே, தமனியின் வாய் ரப்பர் குழாய் மாதிரி திறந்தே நிற்கும், சிரையின் வாய் அமுங்கிக் கிடக்கும். தமனிக்கும் சிரைக்கும் என்ன வேறுபாடு என்று ஒரு பக்கம் எழுதுவதைவிட இது மேல்.

கடையில் சுவரொட்டி என்று கேட்டால் தருவது மண்ணீரல். கோழி இறக்கையைச் சாப்பிடும்போதும் கவனியுங்கள், முதல் துண்டில் ஒரு எலும்பு, அடுத்த துண்டில் இரண்டு. ஹியூமரஸ், ரேடியஸ், அல்னா.

ஒன்பதாம் படி: டிசெக்ஷன் ஹால்

இறந்தவர் உடலை அறுத்துப் படிக்கும் கூடம் இது. உடல் கெடாமல் இருக்கப் போடும் ஃபார்மலின் முதல் நாள் கண்ணை எரிக்கும், சிலருக்குத் தலை சுற்றும். வெறும் வயிற்றோடு போகாதீர்கள். மேஜையில் இருப்பவர் ஒரு காலத்தில் பெயரும் வீடும் உள்ளவர், தானே விரும்பி உடலை எழுதிக் கொடுத்தவராகவும் இருக்கலாம். போட்டோ எடுப்பதும் கேலி பேசுவதும் கூடாது. அறுப்பதற்கு முந்தின இரவு அந்தப் பகுதியின் படத்தை ஒருமுறை வரைந்துவிட்டுப் போனால், மற்றவர்கள் கொழுப்பைக் கிளறிக்கொண்டிருக்கும்போது நீங்கள் நரம்பைக் கண்டுபிடித்திருப்பீர்கள்.

பத்தாம் படி: தினமும் ஒரு எலும்பு, புத்தகத்தை மூடி வைத்து

வண்ணப் பேனாவால் அடிக்கோடு போடுவதில் பெரிய பயன் இல்லை. வெள்ளைத்தாளில் நினைவிலிருந்து வரையுங்கள், பிறகு புத்தகத்தைத் திறந்து சிவப்பில் திருத்துங்கள். படம் அசிங்கமாக இருந்தால் பரவாயில்லை. ரூம் நண்பரிடம் எலும்பைக் கொடுத்துக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள், வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், நடப்பது அதுதான்.

பெரும்பாலும் காறை எலும்பைக் கையில் கொடுத்து, 'எந்தப் பக்கம்?' என்பார்கள். பதறாமல் மூன்றைப் பாருங்கள். தடித்து உருண்டிருக்கும் முனை மார்பெலும்போடு சேர்வது, அதை நடுக்கோட்டின் பக்கம் வையுங்கள். தட்டையான முனை தோள் பக்கம் போகட்டும். அடுத்து, நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடும் முகத்தைத் தேடி அதைக் கீழ்ப்பக்கம் திருப்புங்கள். கடைசியாக, தடித்த முனையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு முன்னே வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு எலும்பை உங்கள் கழுத்தடியிலேயே பிடித்துக் காட்டுங்கள். மூன்றும் பொருந்துகிற பக்கம் எதுவோ அதுதான் விடை. அதைச் சொல்லி முடித்ததும், 'எங்கே அதிகம் முறியும்?' என்று அடுத்த கேள்வி வரும். நடுப்பகுதியும் வெளிப்பகுதியும் சேரும் இடத்தில், வளைவு மாறுகிற அந்தப் புள்ளியில் விரலை வையுங்கள்.